மருளும் சுட்டுணர்வும்: எயிற்பட்டினக் காட்சியை முன்வைத்துப் புலனறிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சிறுபாணாற்றுப்படையில் இடம்பெறும் எயிற்பட்டின வருணனை, ஒரு பொருளை மற்றொன்றாகக் காணும் மருட்சியின் மேல் கட்டப்பட்டது. அவ்வருணனையை மரக்காணத்தின் பண்டை வரலாற்றுக்குச் சான்றாக எடுப்போர், கண்ணுக்குப் பட்டது எது, காண்பவர் மனம் அதனோடு சேர்த்தது எது என்னும் வேறுபாட்டைப் பெரும்பாலும் கருதுவதில்லை. அவ்வேறுபாட்டை ஆராய்வதற்கான கருவிகள் தொல்காப்பியம், மணிமேகலை, சிவஞான சித்தியார் ஆகிய நூல்களிலேயே உள்ளன. அவற்றின் துணையோடும், உப்பளத்தில் நிகழும் புலனறிவின் இயல்போடும் வைத்து அவ்வருணனையின் சான்று மதிப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எயிற்பட்டினம், மரக்காணம், மருள், சுட்டுணர்வு, திரியக் கோடல், உண்மை மாத்திரை, உப்பளம்.

எயிற்பட்டினமும் மரக்காணமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கழுவேலி ஈரநிலத்தை ஒட்டி அமைந்த மரக்காணம் இன்று உப்பளங்களால் அறியப்படும் ஊராகும். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற முடிபு. நூலாசிரியர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடு மரக்காணத்திற்கு வடக்கே அண்மையில் உள்ளது. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதி. செங்கடல் செலவு நூலாகிய பெரிப்புளூசு, கமரா, பொதுகே என்பவற்றோடு சேர்த்துக் குறிப்பிடும் சோபட்மா என்னும் துறைமுகத்தையும் இதனோடு பொருத்துவர். சோ என்பதும் எயில் என்பதும் மதிலைக் குறிக்கும் சொற்களாதலின் சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்பது அவ்வாதம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2005–06இல் மரக்காணத்தில் அகழாய்வு நடத்தியுள்ளது.

இப்பொருத்தம் முழுவதும் கருதலளவையால் அமைந்தது என்பதை முதற்கண் குறித்துக்கொள்ள வேண்டும். பெயரின் பொருள், நாட்டு எல்லை, வழியின் திசை ஆகியவற்றிலிருந்து ஊர் உய்த்துணரப்படுகிறது. அவ்வாறு உய்த்துணர்ந்தபின், பாடலில் வரும் ஒவ்வொரு காட்சியையும் அவ்வூரின் நேர்க்காட்சிப் பதிவாகக் கொள்வது எளிதாகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வருணனையின் அமைப்பு

எயிற்பட்டினத்திற்குச் செல்லும் நெய்தல் வழியை நத்தத்தனார் நான்கு மரஞ்செடிகளால் காட்டுகிறார் (சிறுபாண். 146 முதல்). தாழை அன்னத்தைப் பூக்கிறது. அன்று மலர்ந்த செருந்தி பொன்னென மருட்டுகிறது. முண்டகம் மணியை உதிர்க்கிறது. புன்னை முத்தினை வைக்கிறது. இந்நான்கனுள் மூன்றில் உவம உருபே இல்லை. தாழம்பூ அன்னம் போன்றது எனப் புலவர் கூறவில்லை. தாழை அன்னத்தையே பூத்ததாகக் கூறுகிறார். செருந்தி ஒன்றற்கு மட்டும் மருட்டு என்னும் வினை வருகிறது. ஆக, மூன்று இடங்களில் மருட்சி உண்மையைப் போலவே சொல்லப்படுகிறது; ஓரிடத்தில் மட்டும் அது மருட்சி என்று பெயர் சுட்டப்படுகிறது. அந்த ஒரு சொல் மற்ற மூன்றையும் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதற்குக் குறிப்பாக அமைகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று மீள்பவன் பெறாதவனை வழிப்படுத்தும் கூற்று. இக்காட்சியைக் கேட்கும் பாணன் அந்நெய்தல் வழியை இன்னும் கண்டவன் அல்லன். கண்டவன் சொல்ல, காணாதவன் தன்னிடம் உள்ள அன்னம், பொன், மணி, முத்து என்பவற்றின் நினைவுகளைக் கொண்டு வழியை மனத்தில் அமைத்துக்கொள்கிறான். உரையளவையின் வழியாகப் பிறப்பிக்கப்படும் காட்சி இது.

மருள என்னும் சொல் தொல்காப்பிய உவமவியலில் உவம உருபாகவே இடம்பெறுகிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் வடிவு பற்றிய மெய்யுவமத்திற்கு உரிய சொற்களுள் அதுவும் ஒன்று. வடிவு ஒத்திருக்கும்போது கண் மயங்குகிறது. அம்மயக்கமே ஒப்புமைக்குப் பெயராகிறது. மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கையும் இவ்வேரினதே. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களன்களில் ஆக்கம் என்பது ஒன்று திரிந்து மற்றொன்றாதலைக் கண்டு வியத்தல் என உரைமரபு விளக்கும். திரிதலைக் கண்டால் வியப்பு. திரித்துக் கண்டால் பிழை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை மெல்லியது என்பதைச் சொல்லாட்சியே காட்டுகிறது. சங்கப் பாடல்கள் தவறாகக் கொள்ளுதலைச் செத்து என்னும் சொல்லாலும் குறிக்கின்றன. வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலியாகத் தோன்றும் குறிஞ்சிக் காட்சி அனைவரும் அறிந்தது. குறிஞ்சியில் இம்மயக்கம் அச்சத்திற்கும், எயிற்பட்டின நெய்தலில் வியப்புக்கும் இட்டுச்செல்கிறது. பின்னதைப் பிழையெனக் கண்டிக்கும் நோக்கம் புலவர்க்கு இல்லை.

மணிமேகலையின் இரு சுட்டுணர்வுகள்

பிழையெனக் கண்டிக்கும் நோக்கம் மணிமேகலையில் உண்டு. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வஞ்சிநகரில் மணிமேகலை முதலில் சந்திப்பவன் வைதிக அளவைவாதி. அளவைகளை எண்ணிக் கூறிய பின் அவன் எட்டு அளவைப் போலிகளைத் தொகுக்கிறான்: சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. திரியக் கோடலுக்கு அவன் தரும் எடுத்துக்காட்டு இப்பியை வெள்ளியெனக் கொள்ளுதல். தறியோ மனிதனோ என இரண்டிடத்து மனம் ஊசலாடுவது ஐயம். ஆராயாமல் தறியை மனிதன் எனத் துணிந்துவிடுவது தேராது தெளிதல். புலி அருகில் வருதலைக் கண்டும் அதனை அறியாதிருப்பது கண்டுணராமை.

இப்பி, வெள்ளி எடுத்துக்காட்டைக் கண்டவுடன் அதனைத் தமிழ்க் கடற்கரையோடு இணைக்கும் ஆர்வம் எழக்கூடும். அது பொருந்தாது. இது இந்தியத் தருக்க நூல்கள் பலவற்றிலும் வழங்கும் பொது எடுத்துக்காட்டு. சாத்தனார் அம்மரபிலிருந்து பெற்றது.

ஆழ்ந்து நோக்க வேண்டியது பட்டியலின் முதற்சொல். எப்பொருளாயினும் அது உண்டு என்னும் அளவில், அதாவது அதன் உண்மை மாத்திரையைக் காண்பது சுட்டுணர்வு என்கிறான் அளவைவாதி. எதிரே ஏதோ உளது என்று மட்டும் அறிந்து, அது இன்னது என அறியாத நிலை அது. அவன் கருத்தில் அது குறை. அளவையாகும் தகுதி அதற்கு இல்லை.

இரண்டு காதைகள் கடந்து, தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில், காஞ்சியில் அறவண அடிகள் பௌத்த அளவையை உரைக்கிறார். காட்சி, கருதல் என அளவை இரண்டே. அவற்றுள் காட்சிக்கு அவர் தரும் இலக்கணம் சுட்டுணர்வு. பெயர், சாதி, குணம், தொழில் ஆகியவற்றை அவர் காட்சியிலிருந்து விலக்கிவிடுகிறார். வஞ்சியில் போலியெனத் தள்ளப்பட்ட அதே சொல் காஞ்சியில் மெய்க்காட்சியின் பெயராகிறது.

இதனைச் சாத்தனாரின் கவனக்குறைவாகக் கொள்ள இடமில்லை. பெயரும் சாதியும் சேர்ந்த அறிவையே முழுமையான காட்சியாகக் கொள்வது வைதிக அளவைவாதியின் நிலை. அவை மனம் சேர்த்தவை, பொருளில் உள்ளவை அல்ல என்பது திக்நாகர் வழிவந்த பௌத்தத்தின் நிலை. இருபத்தொன்பதாம் காதைக்கும் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலுக்கும் உள்ள ஒப்புமை நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. எசு. கிருட்டிணசாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட நூலில் மணிமேகலையைத் திக்நாகருக்கு முற்பட்டதாக நிறுவ முயன்றார். பிறர் அதனை மறுத்தனர். அக்கால விவாதத்தின் நிழலில் சுட்டுணர்வு என்னும் சொல்லின் இருநிலை உரிய கவனம் பெறவில்லை. காப்பியத்தின் போக்கில் நோக்கினால், மணிமேகலை கேட்டு ஒதுக்கும் சமயத்துக்கும் ஏற்கும் சமயத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு சொல்லின் மதிப்பு தலைகீழாவதில் வைக்கப்பட்டுள்ளது. ஏதோ உளது என்பதோடு நிற்பது அறியாமையா, அன்றி அதற்குமேல் அறிவதெல்லாம் மனத்தின் புனைவா என்பதே அங்கு வினா.

பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்தம் இவ்வினாவுக்கு மூன்றாவது விடையைத் தருகிறது. மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர், இன்றைய ஆட்சிப் பிரிவின்படி மரக்காணம் அமைந்த அதே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் ஐயத்தையும் திரிவையும் விலக்கியபின், காட்சியை விகற்பமில்லாதது, விகற்பமுடையது எனப் பகுக்கிறார். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் சேர்வது விகற்பக் காட்சி. அவை சேராது பொருளின் உண்மை மாத்திரத்தை அறிவது விகற்பமில்லாக் காட்சி. மணிமேகலையின் அளவைவாதி ஆண்ட தொடரே இங்கு மீண்டும் வருகிறது. ஆயின் அது போலியாகவும் இல்லை, ஒரே மெய்க்காட்சியாகவும் இல்லை, காட்சியின் ஒரு நிலையாக அமைதி பெறுகிறது. புலன் வழி வந்ததை மனம் பற்றி ஐயுறும், புத்தி நிச்சயிக்கும், இவ்வாறு பலபடி கடந்தே அறிவு நிறைவுறும் என்பது அந்தக்கரணக் கோட்பாடு.

உப்பளத்தில் வெண்மை

இந்நிலைகளை எடுத்துக்காட்டிப் பார்க்க உப்பளத்தைவிடப் பொருத்தமான களம் அரிது. கழிநீரோ நிலத்தடி உவர்நீரோ பாத்தியிலிருந்து பாத்திக்குப் பாய்ச்சப்பட்டு வெயிலில் செறிகிறது. கடல்நீரின் செறிவு போமே அளவையில் சுமார் 3.5 பாகை. ஏறத்தாழ 13 முதல் 15 பாகைக்குள் ஜிப்சம் வெண்படிவாக இறங்கத் தொடங்குகிறது. 25 பாகையை ஒட்டிக் கறியுப்பு படிகிறது. 29 அல்லது 30 பாகைக்குமேல் மக்னீசிய உப்புகள் மிகுந்து நீர் கசக்கும். அதனைக் கழித்துவிடுவர். சாலையில் செல்பவர்க்கு எல்லாம் வெண்மையே. வெண்மையாய் ஏதோ உளது என்பதில் வழிப்போக்கர்க்கும் அளத்தொழிலாளர்க்கும் வேறுபாடு இல்லை. இது ஜிப்சம், இது உப்பு என்பதில்தான் இருவரும் பிரிகின்றனர். செறிந்த நீரில் உவர்வாழ் நுண்ணுயிர்கள் பெருகுவதால் தோன்றும் செந்நிறம் வழிப்போக்கர்க்கு விந்தை. தொழிலறிந்தவர்க்கு நீரின் செறிவைக் காட்டும் குறி. சித்தியாரின் சொல்லில் கூறினால் உண்மை மாத்திரம் இருவர்க்கும் பொது. பெயரும் குணமும் பயிற்சியால் வருவன.

உப்பு அரசின் வருவாயானபோது இப்பயிற்சிக்குச் சான்றுரிமை குறைந்தது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்புத் தனியுரிமையை நிறுவிய பின், உப்பு எது, எவ்வளவு என்பதை அரசின் எடையும் பதிவேடுமே முடிவு செய்தன. கண்ணும் நாவும் கண்டது அளத்தில் தொடர்ந்து பயன்பட்டது. ஆவணத்தில் அதற்கு இடம் இல்லை. உப்பள வரலாற்றை ஆவணங்களிலிருந்து மட்டும் எழுதுவோர் இவ்விடைவெளியை மனங்கொள்வது நலம்.

கோடை நண்பகலில் இதே நிலப்பரப்பில் கானல்நீர் தோன்றும். பாலைப் பாடல்கள் வெண்தேர் என்றும் பக்தி நூல்கள் பேய்த்தேர் என்றும் குறிப்பது இதனையே. சங்க நூல்களில் கானல் கடற்கரைச் சோலையாகவும் மணற்பரப்பாகவும் வழங்க, பின்னாளில் அது பொய்ந்நீருக்குப் பெயராயிற்று. இவை ஒரு சொல்லா இரு சொற்களா என்பது தனி ஆய்வுக்குரியது. கானல்நீரில் கண் பிழை செய்வதில்லை. சூடேறிய தரையை ஒட்டிய காற்றில் வானொளி வளைந்து உண்மையாகவே கண்ணை அடைகிறது. நிழற்படக் கருவியும் அதனைப் பதிவு செய்யும். ஒளிரும் பரப்பு என்பது வரை சுட்டுணர்வு. நீர் என்பது திரியக் கோடல். இன்னும் கூர்ந்து நோக்கினால், நீர் அன்று என அறிந்த பின்னும் அத்தோற்றம் மறைவதில்லை. புத்தி நிச்சயித்ததை ஏற்காமல் தோற்றம் நிலைபெறும் இவ்வியல்பை எண்வகைப் போலிப் பட்டியல் தனியே பிரித்துக் காட்டவில்லை.

செருமானிய அறிஞர் எர்மன் ஃபொன் எல்ம்ஹோல்ட்சு, 1867இல் நிறைவுற்ற தம் உடலியங்கியல் ஒளியியல் நூலில், காண்பது என்பது உணர்வுக்கு எட்டாத ஓர் அனுமானம் என்றார். ரிச்சர்டு கிரிகரி 1980இல் புலக்காட்சிகளைக் கருதுகோள்கள் என்றே அழைத்தார். குறைபட்ட புலச்செய்தியை முன்னனுபவத்தால் நிரப்பி மூளை ஒரு முடிவைத் தருகிறது. அம்முடிவே நமக்குப் புறவுலகாகத் தோன்றுகிறது. கண்டுணராமைக்கும் ஆய்வுக்கூட இணை உண்டு. 1999இல் சைமன்சும் சாப்ரிசும் வெளியிட்ட ஆய்வில், பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர், கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடுவே கடந்துசென்றதைக் கவனிக்கவில்லை. நாவும் இதற்கு விலக்கன்று. உமிழ்நீரிலேயே உப்பு இருத்தலால் நா எப்போதும் அவ்வுப்புக்குப் பழகியே உள்ளது. அதனினும் மிக்கதையே உவர்ப்பாக உணர்கிறது. உமிழ்நீரை நன்னீரால் கழுவியபின் மிக நீர்த்த உப்புக் கரைசலும் புலப்படுவதை மெக்பர்னியும் ஃபாஃப்மனும் 1963இல் காட்டினர்.

இவ்வொப்புமைகளைக் கொண்டு நரம்பியலைத் தமிழர் முன்னரே கண்டனர் எனக் கூறுவது தேராது தெளிதலே ஆகும். மணிமேகலையில் வாதிடுவோர் மூளையைப் பற்றிப் பேசவில்லை. எவ்வறிவு வீடுபேற்றுக்குத் துணையாகும், எது ஆகாது என்பதே அவர்தம் கவலை. எல்ம்ஹோல்ட்சின் அனுமானம் தானே நிகழ்வது. சாத்தனார் கூறும் கருதலளவை வாதமன்றத்தில் பிறர் ஏற்குமாறு உறுப்புகளோடு நிறுவப்படுவது. இரண்டும் பகிர்ந்துகொள்வது ஒன்றே: கண்ணுக்குப் படுவதும் காண்பவர் சேர்ப்பதும் வெவ்வேறு என்னும் பகுப்பு. எயிற்பட்டின வருணனையை மதிப்பிடத் தேவையானதும் அதுவே.

ஒட்டகமும் விறகும்

மேற்சுட்டிய வருணனையில் வரலாற்றாய்வாளர் மிகுதியாக எடுத்தாளும் பகுதி ஒட்டகம் பற்றியது. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள், உயர்ந்த ஒட்டகங்கள் துயில்வனபோல் கரையில் கிடந்தன என்கிறார் நத்தத்தனார். அம்மரம் அகில் என்பது பொதுவான விளக்கம். இதனைக் கொண்டு எயிற்பட்டினக் கரையில் அயல்நாட்டு வணிகரின் ஒட்டகங்கள் இருந்தன என ஊகிப்பது பாடல் தராத செய்தியைப் பாடலுக்கு ஏற்றுவதாகும்.

கரையில் கிடந்தது மரம். ஒட்டகம் கண்டவரின் நினைவிலிருந்து வந்தது. வளைந்து நீண்ட ஒரு திரள் என்பது உண்மை மாத்திரம். அதற்கு ஒட்டகம் என்னும் பெயரும் துயிலுதல் என்னும் தொழிலும் மனம் சேர்த்தவை. எனவே இவ்வுவமை எயிற்பட்டினக் கரையைப் பற்றிக் கூறுவதைவிட, இப்பாடலைப் பாடியோர், கேட்டோர் ஆகியோரின் அறிவைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது. துயிலும் ஒட்டகத்தின் உருவத்தை அறியாத அவையில் இவ்வுவமை பொருளற்றுப் போயிருக்கும். வழிநடந்து பசித்த பாணனுக்கு விளக்கமின்றிச் சொல்லத்தக்க அளவுக்கு ஒட்டகம் பழகிய விலங்காய் இருந்தது என்பது இதனால் பெறப்படும் உறுதியான செய்தி. தொல்காப்பிய மரபியல் ஒட்டகத்திற்கு மரபுப்பெயர் வகுத்திருப்பதும், அகநானூறு 245ஆம் பாடல் அதனைப் பாலைநிலத்தில் எலும்பு தின்பதாகக் காட்டுவதும் இதற்கு அரணாகின்றன. ஒட்டகம் எங்கே பழகியது, துறைமுகத்திலா அன்றி உள்நாட்டு வணிகப் பெருவழியிலா என்பதற்கு இவ்வுவமையில் விடை இல்லை. அகநானூற்றுப் பாடல் பெருவழியின் பக்கம் சாய்கிறது.

கரையைப் பற்றிய சான்றாக நிற்பது உவமையின் மற்றப் பாதி. மணமரம் கடல்வழி வந்து ஒதுங்கியது என்பதும், அது விறகாகப் பயன்பட்டது என்பதும் காண்பவர் மனம் சேர்த்தவை அல்ல. முத்தும் பொன்னும் மணியும் மருட்சியில் மட்டுமே தோன்றும் இவ்வருணனையில், விலைபெறும் பொருள் ஒன்று மெய்யாகவே வந்து கிடப்பது இவ்விடத்தில்தான். பாணன் அதனை ஒட்டகமாகக் காண்கிறான். வணிகன் கண்டிருந்தால் சரக்காகக் கண்டிருப்பான். அங்கேயே வாழும் நுளைமகள் அதனை விறகாகக் கண்டு, பழந்தேறல் அரிக்கும் தன் அடுப்பில் தீ மூட்டுகிறாள்.